கோல்கொண்டாவில் மூன்று தட்டு

ஹைதராபாத் வரைக்கும் வந்துவிட்டு கோல்கொண்டா கோட்டையைப் பார்க்காமல் திரும்புவதா என்று கிளம்பிவிட்டோம். உச்சிக்குச் சுமார் 360 படி என்பது வாசலில்தான் தெரிந்தது. என் இரண்டு முட்டியும் ஒரே குரலில் "நாங்க வரலை" என்றன.

எனக்கு 68, அவருக்கு 72. ஆனால் தினம் வாக்கிங் போகிற ஆள், அந்தத் திமிர். "நீ இங்கேயே உட்காரு, நான் ஓடிப்போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். இந்த வயதில் ஓடிப்போகவெல்லாம் வேண்டாம், நடந்தே போங்கள் என்றேன்.

எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. 1687இல் இதே கோட்டைக்கு வெளியே எட்டு மாதம் முற்றுகையிட்டுக் கிடந்த ஔரங்கசீப்புக்கும் அப்போது 68 வயதுதான். நானாவது டிக்கெட் வாங்கி உள்ளே வந்துவிட்டேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் காலத்திலேயே சக்கரமும் சுடுமண் குழாயும் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றியிருக்கிறார்கள். தண்ணீருக்குக் கிடைத்த மரியாதை எனக்கு இல்லை.

நுழைவாயில் வளைவுக்குக் கீழே கைதட்டினால் உச்சி மண்டபத்தில் கேட்கும். எதிரி வந்தால் மேலே இருப்பவர்களை எச்சரிக்கச் செய்த ஏற்பாடு. நாங்கள் அதையே சங்கேதமாக்கிக்கொண்டோம். ஒரு தட்டு: நான் சௌக்கியம். மூன்று தட்டு: உடனே இறங்கி வாங்க. செல்போன் இல்லையா என்கிறீர்களா? அவருடையது என் கைப்பையில் இருந்ததை அவர் போன பிறகுதான் கவனித்தேன்.

அரை மணி கழித்து, இந்நேரம் ஏறியிருப்பார் என்று கணக்குப் போட்டு எழுந்து, ஒரே ஒரு தட்டு தட்டினேன். பின்னாலேயே ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலா வந்து நின்றது. அறுபது பிள்ளைகளாவது இருக்கும். வழிகாட்டி தட்டச் சொன்னதுதான் தாமதம். மூன்று தட்டா, முந்நூறா, யார் எண்ணினார்கள்!

கொஞ்ச நேரத்தில் சட்டையெல்லாம் வியர்வையாக மனுஷர் வந்து நின்றார். "என்னாச்சு? முட்டியா? நெஞ்சா?"

"ஒண்ணும் ஆகலைங்க. மேலே எப்படி இருந்தது?"

"எங்கே பார்த்தேன்! கடைசிப் படியில கால் வச்சேன், தட்டிட்டே."

பக்கத்தில் ஒரு பொடியன் இன்னமும் தட்டிக்கொண்டிருந்தான். அவனை ஒரு முறை முறைத்தார். பிறகு மெல்ல என் பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆனா, நல்லாத்தான் கேக்குது."