பட்டறை மண்ணோடு எட்டு மாதங்கள்

திருமங்கலத்துக்குத் தெற்கே என் தந்தையார் நடத்திய டிராக்டர் பட்டறையின் பின்புறத்தில், எஞ்சின்களிலிருந்து வடித்த பழைய ஆயிலை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊற்றி வந்தார்கள். பட்டறையை மூடியபின் அங்கே தோட்டம் போட எண்ணி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். அது உள்ளே இறங்காமல், சேம்பிலையில் விழுந்ததுபோல முத்துமுத்தாக உருண்டது.

ஆய்வகச் சோதனையில் மண்ணின் எடையில் 4 சதவீதம் எண்ணெய் இருந்தது. பாக்டீரியாக்களைக் கொண்டே அதைச் சிதைத்து மண்ணை மீட்க எண்ணி, தோண்டிய மண்ணைத் தார்ப்பாய் விரித்து அரையடி உயரத்துக்கு இரண்டு பாத்திகளாகப் பரப்பி, ஒன்றில் மட்டும் விலைக்கு வாங்கிய, எண்ணெயைச் சிதைக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாக் கலவையைத் தெளித்தேன்.

பாக்டீரியாக்கள் பெருகி எண்ணெயைச் சிதைக்க, அதிலுள்ள நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஒரு பங்கு மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஒரு டன் மண்ணிலுள்ள 40 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ ஏழரை கிலோ யூரியா வருகிறது. அதை ஒரு பாத்தியில் ஒரே நாளில் கொட்டியதுதான் என் பிழை. ஏற்கெனவே காரத்தன்மையுள்ள கரிசலில் இரண்டாம் நாளே அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. நீர் தெளித்து, கிளறி ஆற்றிய பின், மற்றப் பாத்திக்கு மாதம் ஒரு பங்காகப் பிரித்து இட்டேன்.

உண்மையான போராட்டம் காற்றோடுதான். எண்ணெயின் மூலக்கூறை உடைக்கத் தொடங்கவே இந்த பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். கரிசலோ நனைந்தால் களியாகி மூச்சடைத்துக்கொள்ளும், காய்ந்தால் கல்லாகும். தென்னை நார்க்கழிவும் மக்கிய தொழுவுரமும் கலந்து, வாரம் இருமுறை மண்வெட்டியால் புரட்டி, கையில் பிடித்தால் உருண்டையாகி விரலால் தட்டினால் உதிரும் ஈரத்தில் வைத்த பிறகே டீசல் வாடை குறைந்து மண்வாசம் எழுந்தது. ஐப்பசி மழையில் எண்ணெய் வழிந்தோடாதபடி மேலேயும் தார்ப்பாய் மூடினேன்.

எட்டு மாதம் கழித்து இரண்டு பாத்திகளிலும் எண்ணெய் ஒன்றேகால் சதவீதத்துக்கு அருகில் வந்திருந்தது. வாங்கித் தெளித்த கலவையால் பெரிய வேறுபாடு ஏதும் இல்லை. (அந்தச் செலவை என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.) எண்ணெயிலேயே பழகிய நுண்ணுயிர்கள் அந்த மண்ணில் முன்பே இருந்திருக்க வேண்டும். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் படிந்த கரைகளிலும் உரமிட்டு அங்கிருந்த பாக்டீரியாக்களையே பெருகச் செய்தார்கள்.

எஞ்சியிருப்பது எளிதில் சிதையாத கெட்டிப் பகுதி. பத்துப் பச்சைப்பயறு ஊன்றியதில் ஏழு முளைத்தன, வேர்கள் மட்டும் குட்டை. பழைய ஆயிலோடு வந்த ஈயத்தையும் துத்தநாகத்தையும் எந்த பாக்டீரியாவாலும் சிதைக்க முடியாது என்பதால், அம்மா கேட்ட கத்தரிக்குப் பதிலாக அங்கே வேப்பங்கன்றுகளை நட்டிருக்கிறேன்.