எஞ்சின் இருக்கும், பொடி போய்விடும்

கராஜில் ஒரு 2008 ஹொண்டா சிவிக் மேலே தூக்கப்பட்டு நிற்கிறது. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீற்றர் ஓடியது, நாலாயிரம் டொலர் விலை, கனடாவுக்குப் புதிதாக வந்தவர் பார்த்து வைத்திருக்கும் முதல் கார். மெக்கானிக் ஸ்குரூ டிரைவரின் பிடியால் பின்கதவுக்குக் கீழே இரண்டு தட்டுத் தட்டுகிறார். மண்ணிறத் தகடு அப்பளம்போல உதிர்கிறது. பிறகு நுனியால் ஒரு குத்து. ஸ்குரூ டிரைவர் பிடிவரை உள்ளே போய்விடுகிறது.

"அண்ணை, எஞ்சின் இன்னும் இரண்டு லட்சம் ஓடும். பொடிதான் முடிஞ்சுது."

பொடி என்றால் காரின் தகட்டு உடம்பு. ஊரில் அந்தச் சொல்லைச் செத்தவீட்டில்தான் கேட்போம். அப்பப்பா வாங்கிய ஒஸ்ரின் ஏ40 கார் பேரனின் கலியாணத்துக்கும் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஓடிய இடத்திலிருந்து வந்தவருக்கு, இருபது வயதுகூட ஆகாமல் ஒரு கார் சாகும் என்பதே அதிர்ச்சி. அதுவும் எஞ்சின் சுகமாக உறுமிக்கொண்டிருக்கும்போது.

கொன்றது உப்பு. தெருவில் பனி உறையாமல் இருக்க, நவம்பரில் தொடங்கி ஏப்ரல்வரை ஒன்ராறியோ முழுக்கக் கொட்டுகிறார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்து வளர்ந்தோம். இங்கே காரும் அதைத்தான் செய்கிறது. உள்ள அளவுதான் வருடத்துக்கு வருடம் குறைகிறது.

எங்கள் ஆட்கள் ஹொண்டாவின் எஞ்சினை நம்புவதற்குக் காரணம் கனடாவில் கிடைத்ததல்ல. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை வந்தபிறகு பெற்றோலைப் போத்தல் கணக்கில்கூட அல்ல, ஊசிக் குழாய்க் கணக்கில் அளந்தார்கள். சி 90, எம்.டி 90, சி.டி 125 என்ற ஹொண்டா மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, பற்றாது. அதனால் கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு, கிக்கரை உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையோடு புறப்படும். பிளக்கில் கரி கட்டும். கழற்றிச் சுரண்டிப் பூட்டினால் மறுபடி ஓடும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒரு லீற்றருக்கும் குறைந்த ஒயில் தண்ணீராகிவிடும். அதையும் பொறுத்துக்கொண்டு அந்த எஞ்சின்கள் ஆஸ்பத்திரிக்கும் ரியூசனுக்கும் இடம்பெயர்வுக்கும் ஆட்களைச் சுமந்தன. ஒரு கொம்பனிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால் அந்தக் கொம்பனி தொடங்கியதும் ஏறத்தாழ இப்படித்தான். போர் முடிந்த ஜப்பானில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு. 1946இல் ஹமமாற்சுவில் சொயிச்சிரோ ஹொண்டா, இராணுவம் ரேடியோவுக்கு மின்சாரம் எடுக்க வைத்திருந்த சின்ன எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டினார். முதலாவது வண்டிக்கு எரிபொருள் ராங்கியாக வைத்தது படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவை. பெற்றோலோடு கலந்து ஊற்றியது பைன் மர வேரிலிருந்து வடித்த எண்ணெய். கிக்கரை உதைத்து உதைத்துக் களைத்த ஆட்கள் ஹமமாற்சுவிலும் இருந்திருப்பார்கள்.

அவர் ஒரு கொல்லரின் மகன். போருக்கு முன் பிஸ்டன் ரிங் செய்யத் தொடங்கி, ரொயோட்டாவிடம் கொண்டுபோன 50 ரிங்கில் 3 மட்டும் தேறியது. உலோகம் படிக்கவென்று, தொழில் நடத்திக்கொண்டே தொழில்நுட்பப் பள்ளியில் போய் உட்கார்ந்தார். 1948இல் ஹொண்டா மோட்டார் கொம்பனி. அடுத்த வருடம் ரக்கேயோ ஃபுஜிசாவா வந்து கணக்கையும் விற்பனையையும் கையில் எடுத்துக்கொண்டார். அவர் வராவிட்டால் ஹொண்டா இன்றும் நல்லதொரு கராஜாக இருந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம். 1958இல் சுப்பர் கப். ஊரில் ஓடிய சி 50, சி 70, சி 90 எல்லாம் அந்தக் குடும்பம்தான். 1972 ஜூலையில் சிவிக். அதற்கு அடுத்து வந்த சி.வி.சி.சி. எஞ்சினில், சிலிண்டருக்குப் பக்கத்திலே ஒரு குட்டி அறை வைத்து, அதில் பெற்றோல் கூடிய கலவையைப் பற்றவைத்து, அந்தச் சுவாலையால் உள்ளே இருக்கும் மெல்லிய கலவையை எரித்தார்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் இல்லாமலே அமெரிக்காவின் 1975 புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு அது தேறிவிட்டது.

கனடாவில் ஹொண்டாவின் தலைமையகம் முன்பு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மில்னர் அவெனியூவில் இருந்தது, பிறகு மார்க்கத்துக்கு இடம்மாறியது. ஸ்காபரோவில் அப்பார்ட்மென்ட், பிறகு மார்க்கத்தில் வீடு என்று எத்தனை தமிழ்க் குடும்பம் அதே வழியில் போனது என்று எண்ணினால் சிரிப்பு வரும். வடக்கே அலிஸ்ரனில் 1986இல் தொழிற்சாலை திறந்தார்கள். 1988இலிருந்து சிவிக் அங்கே செய்யப்படுகிறது. 1998 தொடங்கி இருபது வருடத்துக்கும் மேலாக இந்த நாட்டில் அதிகம் விற்ற கார் அதுதான். ஆகவே ஜப்பான் கார் வாங்குகிறோம் என்று வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னாலும், வாங்குவது பெரும்பாலும் ஒன்ராறியோ கார்.

உப்பு மட்டும் ஹொண்டாவுக்கு நெடுநாள் பிடிபடவில்லை. 1970களில் வந்த சிவிக், அக்கோர்ட் இரண்டிலும் முன்மட்கார்ட் இரண்டு மூன்று குளிர்காலத்திலேயே ஓட்டையானது. சில்லு அள்ளி எறியும் உப்புச் சேறு மட்கார்டுக்குள் ஒரு மூலையில் போய் அடைந்து, காயாமல் ஈரமாகவே கிடந்ததுதான் காரணம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தலையிட்டு, இலவசமாக மாற்றிக்கொடுக்க வைத்தது. அதற்குப்பிறகு துத்தநாகப் பூச்சுத் தகடு வந்தது, நிலைமை திருந்தியது. திருந்தியது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் 2023இல் அமெரிக்காவின் உப்பு மாநிலங்களில் விற்ற 2007 முதல் 2011வரையான ஹொண்டா சி.ஆர்.வி. வண்டிகள் ஏறத்தாழ 564,000 திருப்பியழைக்கப்பட்டன. பின்சில்லைப் பிடித்திருக்கும் றெயிலிங் ஆர்ம் வந்து பூட்டும் இடத்தில் காரின் அடிச்சட்டகம் கறள் பிடித்து, ஆர்ம் கழன்றுவிடலாம் என்பதே குறை. அந்த வருடத்துச் சி.ஆர்.வி. பார்க்கிறவர்கள், இங்கேயும் காரின் அடையாள எண்ணான வின் நம்பரைக் கொடுத்துத் திருப்பியழைப்பு இருக்கிறதா, வேலை முடிந்ததா என்று இலவசமாகக் கேட்டுக்கொள்ளலாம். கேட்காமல் வாங்காதீர்கள்.

கறள் குளிரில் வேகமாகப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. சைபருக்குக் கீழே பத்து, பதினைந்து என்று இறங்கினால் கறளும் மந்தமாகிவிடும். சைபரைச் சுற்றி நிற்கும் ஈர நாட்களில்தான் உப்புத் தண்ணீர் தகட்டைத் தின்னும். புதிதாக வந்தவர்கள் இருக்கும் பெரிய கட்டடங்களின் நிலத்தடிப் பார்க்கிங் சூடானது. தெருவில் ஒட்டிய பனி இரவு முழுக்க அங்கே உருகி, உப்பு நீராகி, மூலை முடுக்கெல்லாம் ஊறும். வெளியே விறைத்துக் கிடக்கும் கார் இதைவிடக் கூடக்காலம் இருக்கும். காருக்குச் சுகம் கொடுக்கப்போய் வரும் வினை.

பழைய சிவிக் பார்க்கப் போகும்போது, பிறிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைப் பொக்கற்றில் போடுங்கள். பின்சில்லுக்கு மேலே உள்ள வளைவில் வையுங்கள். ஒட்டாமல் விழுந்தால் அங்கே இரும்பு இல்லை. பசை பூசிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். வளைவின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், 2001 முதல் 2011வரையான சிவிக்குக்கு முதலில் போவது அந்த இடம். பிறகு கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டி, ஜாக் வைக்கும் மடிப்பு, பெற்றோல் ஊற்றும் குழாயின் கழுத்து. டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி, மேலதிக ரயர் படுத்திருக்கும் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கப் புத்தம்புதிதாகக் கறுப்புத் தார் மினுங்கினால் சந்தோசப்படாதீர்கள். கறளுக்கு மேலே பூசிய தார், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும்.

பிரேக் பைப்பை மெக்கானிக்கைக் கொண்டே பார்ப்பியுங்கள். முன்னாலிருந்து பின்னுக்கு ஓடும் மெல்லிய இரும்புக் குழாய், பிளாஸ்ரிக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில்தான் அரிக்கும். வெடித்தால் மிதி கால்தரைவரை இறங்கிவிடும். மாற்றுவதென்றால் செம்பும் நிக்கலும் கலந்த குழாயைக் கேளுங்கள். கறள் பிடிக்காது, வளைப்பதும் சுலபம்.

கடதாசி வேலை அவ்வளவு கடினமில்லை. விற்கிறவர் பழைய வாகனத் தகவல் பொதியை வாங்கித் தரவேண்டும், அது சட்டம். கார் ஓடத் தகுந்தது என்று கராஜ் தரும் சேவ்ரி சேர்ட்டிபிக்கற் 36 நாளைக்குத்தான் செல்லும். தகடு ஓட்டையாகியிருந்தால் கிடைக்காது. தனியாளிடம் வாங்கினால் 13 வீத வரி, கொடுத்த காசுக்கோ அரசின் பட்டியல் விலைக்கோ எது கூடவோ அதற்கு. உறவினர் அன்பளிப்பாகத் தந்தால் வரி இல்லை என்று கேள்விப்பட்டு எல்லோரும் ஓடுவார்கள். அந்தப் பட்டியலில் தாய் தகப்பன், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் உண்டு. சித்தப்பாவும் ஒன்றுவிட்ட அண்ணாவும் கிடையாது. ஒன்றுவிட்டது என்பதை இந்த நாடு எழுத்துக்கு எழுத்து நம்புகிறது.

ஹொண்டா வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஒரே பல்லவி: சீற் தாழ்வு, தெருச்சத்தம் உள்ளே கேட்கும், ஆனாலும் விற்கும்போது விலை நிற்கும். கலியாண வீட்டு மேசைகளில் ரொயோட்டாக்காரரும் ஹொண்டாக்காரரும் மோதிக்கொள்வது தனிக் கச்சேரி. அந்த விசுவாசத்திலும் விதிவிலக்கு உண்டு. 2001 முதல் 2005வரையான சிவிக்கின் ஒற்றோமற்றிக் கியர் பெட்டி பெயர் கெட்டது. 2006 முதல் 2009வரையான 1.8 லீற்றர் எஞ்சினில் சிலவற்றுக்கு வார்ப்பிலேயே குறை. பிளொக் வெடித்துக் கூலன்ற் கசியும். கம்பெனி பத்து வருடத்துக்கு உத்தரவாதம் கொடுத்தது, அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பார்க்கிற கார் அந்த வருடமென்றால், எஞ்சினின் வெளிப்பக்கத்தில் காய்ந்த நீலக் கறை இருக்கிறதா, கூலன்ற் போத்தலில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் பயமில்லாமல் ஓடலாம். அந்த எஞ்சினுக்கு ஃபில்ரரோடு 3.7 லீற்றர் ஒயில், ஒவ்வொரு முறையும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வொஷர்.

1.5 லீற்றர் ரேர்போ எஞ்சின் இன்னொரு கதை. 2016, 17, 18இல் வந்தவற்றைப் பற்றிக் குளிர் ஊர்க்காரர் குழம்பினார்கள். ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. ஒயில் அளக்கும் கோலை இழுத்து மோந்தால் பெற்றோல் மணம். எஞ்சின் சூடாவதற்குள் ஐந்து நிமிடத்தில் வேலைக்குப் போய் நிறுத்துகிறவர்களுக்கு அதிகம் வந்தது. எரியாத பெற்றோல் ரிங்கைத் தாண்டி ஒயிலில் கலந்து, ஒயில் நீர்த்துப்போகிறது. கொம்பனி மென்பொருளை மாற்றி, உத்தரவாதத்தை நீட்டியது. கையில் இருக்கும் வைத்தியம், கிழமைக்கு ஓரிரு தடவையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி ஒயிலைச் சூடாக்குவது. குளிர்காலத்தில் மீற்றர் சொல்லும்வரை காத்திராமல் ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீற்றரில் ஒயில் மாற்றுவது.

இதை ஆங்கிலத்தில் புதுப் பிரச்சினையாக எழுதித் தள்ளியபோது யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் யாராவது வாசித்திருந்தால் சிரித்திருப்பார். கோலை இழுத்து, இரண்டு விரலால் ஒயிலைத் தேய்த்து, மூக்கில் வைத்து, "எண்ணெய் இறங்கிட்டுது தம்பி, மாத்து" என்று 1993இலேயே சொன்ன வைத்தியம் அது.

ஒக்ரோபர் பிறந்ததும் செய்ய வேண்டியது, கறளைத் தடுக்க அடிக்கும் ஒயில் ஸ்பிரே. நூற்றைம்பது டொலர் மட்டில் முடியும். சொட்டுகிற வகையைக் கேளுங்கள், சொட்டாத தடித்த கிரீஸ் வகையைவிட அது மடிப்புகளுக்குள் நன்றாக ஊர்ந்து போகும். கதவுக்குள், தகட்டுப் பெட்டிக்குள், டிக்கி மூடிக்குள், பின்வளைவின் உட்பக்கத்தில் அடிக்கிறார்களா என்று நின்று பாருங்கள். அடிப்பக்கத்தை மட்டும் நனைத்து அனுப்பினால் அரைவேலை. கதவின் கீழ்விளிம்பில் தண்ணீர் போகும் சிறு ஓட்டைகள் அடைபடக் கூடாது. பற்றரியில் வயர் பூட்டி மின்சாரத்தால் கறளைத் தடுக்கும் பெட்டியென்று ஒன்று விற்பார்கள், அந்தக் காசுக்கு இரண்டு தடவை ஒயில் அடிக்கலாம். குளிர்காலத்தில் வெப்பம் சைபருக்கு மேலே வரும் நாளாகப் பார்த்து அடியைக் கழுவுங்கள். சைபருக்குக் கீழே பதினைந்து பாகை குளிரில் கழுவினால் கதவு உறைந்து, யன்னலால் ஏறவேண்டி வரும்.

பூசை வைக்கிறவர்கள் வையுங்கள், சந்தனம் பொட்டு எல்லாம் சரி. ஜனவரியில் சில்லுக்குக் கீழே வைக்கும் தேசிக்காயை மட்டும் வீட்டிலிருந்து கடைசி நிமிடத்தில் எடுத்து வாருங்கள். வெளிப் பார்க்கிங்கில் கிடந்தால் கல்லாகிவிடும், நசியாது.

ஸ்பிரே அடித்த கார் இரண்டு மூன்று நாள் சொட்டும். கீழே பெரிய மட்டைப்பெட்டியை விரித்து விடுங்கள், இல்லையென்றால் பார்க்கிங்காரரின் கடிதம் வரும். ஹீற்றரைப் போட்டால் உள்ளேயும் ஒரு கிழமைக்கு எண்ணெய் மணக்கும். இங்கே பிறந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறப்பார்கள். முன்சீற்றில் இருக்கும் தாய்தகப்பன் திறக்கச் சொல்லமாட்டார்கள். சி 90இன் பின்சீற்றில் இருந்து வந்தவர்களின் சட்டையில் எல்லாம் ஏறத்தாழ அந்த மணம்தான்.