தண்ணியில்லாக் காட்டிலிருந்து ஒரு பாட்டில்

2017 ஆகஸ்ட். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விடுதியில் என் முதல் இரவு. அறைத்தோழி பல் துலக்கிவிட்டு அதே குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்து மடமடவென்று குடித்தாள். நான் பதறிப்போய், காய்ச்ச வேண்டாமா என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. இங்கே எல்லோரும் குழாயிலிருந்துதான் குடிக்கிறோம் என்றாள். அன்றிரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு ஊர் ராமநாதபுரம் பக்கம். அதிகாரிகளை மிரட்டும்போது 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்பார்களே, அந்தக் காடு. சின்ன வயதில் கோடை வந்துவிட்டால் அப்பத்தாவோடு கண்மாய்க்குள் இறங்கி ஊற்றுத் தோண்டுவோம். சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றினால் ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். போர் போட்டால் தண்ணீர் வரும், ஆனால் உப்பு. குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. அதில் பருப்பும் வேகாது.

நான் சுற்றுச்சூழல் பொறியியல் எடுத்ததற்கு அந்த ஊற்றுத்தான் காரணம். சிங்கப்பூரைத் தேர்ந்ததற்கும் அதுதான். இந்த ஊரிலும் தண்ணீர் கிடையாது. 1962 ஒப்பந்தப்படி பக்கத்து மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து வாங்குகிறார்கள், அந்த ஒப்பந்தம் 2061 வரைதான். அதனால் மழைநீரைச் சேர்க்கிறார்கள், கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து 2003 முதல் நியூவாட்டர் என்று தருகிறார்கள். நுண்வடிகட்டல், உப்பைத் தடுக்கும் சவ்வு வழியாக நீரை அழுத்தித் தள்ளும் எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் என்று மூன்று படிகள். அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வறண்ட மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கங்களிலும் கலக்கிறார்கள்.

புதிய ஊருக்குப் பழகிக்கொள்வதில் எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. ரயிலில் தமிழில் அறிவிப்பு வரும். பணத்தை வெள்ளி என்பார்கள், அடுக்குமாடி வீட்டை வீவக வீடு என்பார்கள், இரண்டே வாரத்தில் நானும் அப்படித்தான் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை பூன் லேயில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் தேக்கா, நம் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா. கறிவேப்பிலை, முருங்கைக்காய், தமிழ் முரசு நாளிதழ் மூன்றையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். படிப்புச் செலவில் ஒரு பகுதியை அரசு மானியமாக ஏற்றது. அதற்கு ஈடாக, முடித்தபின் 3 ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அதுவும் பாரமாகத் தெரியவில்லை.

பாரமாக இருந்தது ஒன்றே ஒன்று. எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் ஆசிரியர் கூப்பிட்டால் போவோம். நாமாகப் போய் நின்றால் 'அதிகப்பிரசங்கி' என்று பெயர் வரும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தேன். என் வகுப்பிலிருந்து 4 மாடி ஏறினால் சவ்வு ஆய்வுக்கூடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் எதற்காகக் கடல் தாண்டி வந்தேனோ அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. முதல் ஆண்டு முழுவதும் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நடந்து போய்விட்டேன். இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

மாற்றியவர் மதுரைக்காரர் ஒருவர், அங்கே முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருந்தார். உணவுக்கூடத்தில் தயிர்ச்சாதத்துக்கு நின்றபோது பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்: "ஏம்மா, பேராசிரியரா வந்து உன்னையக் கூப்பிடுவாருன்னு உக்காந்திருக்கியா? அழுத பிள்ளைதாம்மா பால் குடிக்கும்."

"மார்க் ரொம்பப் பெருசா இல்லண்ணே."

"சரி, இருக்கட்டும். முதல்ல மெயில் போடு."

நான் எழுதியதில் வணக்கமும் பணிவும் மட்டுமே ஒரு பக்கம் இருந்தது. அவர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஆறு வரி ஆக்கினார். பேராசிரியரின் எந்தக் கட்டுரையைப் படித்தேன், அதில் எது புரியவில்லை, எந்தெந்தப் பாடம் முடித்திருக்கிறேன், வாரத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும். அவ்வளவுதான். மறுநாளே பதில் வந்தது, வெள்ளிக்கிழமை 3 மணிக்கு வரச் சொல்லி. அங்கே பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, ஏன் தண்ணீர் என்பதுதான். ஊற்றையும் சிரட்டையையும் பற்றிச் சொன்னேன். இடையில் பேசாமல் கேட்டார்.

இளநிலை மாணவர்கள் ஆய்வு செய்ய எங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கும் திட்டத்தை யுரேக்கா என்பார்கள். ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு நீளும். ஒரு பேராசிரியரின் கீழ் சொந்தமாக ஒரு தலைப்பு, முடிவில் ஓர் ஆய்வுக்கட்டுரை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதேபோன்றதை யூராப் என்கிறார்கள். பட்டம் வாங்கும் முன்பே, விடை யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியோடு ஒரு வருடம் இருக்கலாம் என்பதுதான் இதில் பெரிய விஷயம். ட்யூஷனிலும் தேர்விலும் வளர்ந்த எனக்கு அப்படி ஒரு கேள்வி அதுவரை வாய்த்ததே இல்லை.

பாதுகாப்புப் பயிற்சி, அதற்கொரு தேர்வு, வெள்ளை அங்கி, மூடிய காலணி. செருப்போடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். அப்புறம் சவ்வு கைக்கு வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண வெள்ளைத் தாள். சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு பக்கம் லேசாகப் பளபளக்கும். உப்பை நிறுத்துவது அந்தப் பக்கம்தான், அதில் விரல் படக்கூடாது. உப்பைத் தடுக்கும் படலம் ஒரு மயிரிழையின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அளவாக வெட்டி, சுத்த நீரில் ஊறவைத்து, எஃகுக் கலத்தில் பொருத்தி, ரப்பர் வளையம் வைத்துத் திருகாணிகளைக் குறுக்குக் குறுக்காக முடுக்க வேண்டும். ஒரே பக்கமாக முடுக்கினால் ஒழுகும். லிட்டருக்கு 2 கிராம் உப்பு கலந்த நீரை 15 பார் அழுத்தத்தில் அனுப்பினால், கலத்தின் அடிக்குழாயில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும். விழும். அடுத்தது திரளும். தராசின் மேல் குடுவை, பக்கத்தில் நான். சிரட்டை நினைவு வராமல் எப்படி இருக்கும்?

முதல் சோதனையில் மூன்று மணி நேரம் காத்திருந்து, விழுந்த நீரைச் சோதித்தேன். உப்பு பெரிதாகக் குறையவே இல்லை. கலத்தைத் திறந்து பார்த்தால் சவ்வைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். கண் கலங்கிவிட்டது. மதுரை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, அதைக் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதச் சொன்னார். கிழித்துப் போட நினைத்த பக்கம் இன்னும் இருக்கிறது. பிறகு அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்த புதியவர்களுக்கெல்லாம், பொருத்தும் முன் சாய்த்துப் பார் என்று நானே சொல்லிக்கொடுத்தேன்.

அந்த ஆண்டு படித்த பழைய கட்டுரைகளில் சௌரிராஜன் என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருக்கண்ணபுரத்துப் பெருமாள் பெயர் அல்லவா! 1960-ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் செய்த சவ்வுதான் கடல்நீரைக் குடிநீராக்குவதைக் கட்டுப்படியாகும் காரியமாக்கியது. இந்தப் பெயர் நம் பாடப்புத்தகத்தில் ஏன் எனக்குக் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

இப்போது ஜூரோங் வெஸ்டில் வாடகைக்கு இருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண் உயர்நிலை மூன்றில், நம் ஊர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள், என்னை அக்கா என்பாள். செடிகளில் ஆர்வம். அவள் அம்மாவிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: ட்யூஷன் நாளில் ஒன்றைக் குறைத்துவிட்டு, அந்த நேரத்தை அவளுடைய சொந்த ஆய்வுக்குக் கொடுங்கள். சிங்கப்பூர் அறிவியல் பொறியியல் கண்காட்சிக்கு மாணவர்களே சொந்த ஆய்வோடு போகலாம். கல்வி அமைச்சு, அரசின் ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டார், அறிவியல் நிலையம் மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. நம் ஊர் மேல்நிலைப் பள்ளி போன்ற தொடக்கக் கல்லூரிக்குப் போனால் நன்யாங் ஆய்வுத் திட்டம் போன்றவை வழியாகப் பல்கலைக்கழகப் பேராசிரியரின் கீழேயே வேலை செய்யலாம். ஊரிலிருந்து அழைத்து விசாரிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தியக் கல்லூரியில் படித்துக்கொண்டே சில மாதங்கள் இங்கு வந்து ஆய்வு செய்ய ஏ-ஸ்டாரின் சிப்கா விருது உண்டு. முனைவர் பட்டத்துக்கு சிங்கா விருது, கட்டணமும் மாத உதவித்தொகையும் சேர்த்து. விதிகள் மாறக்கூடும், விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். ஆனால் தகுதி வரட்டும், மார்க் ஏறட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நான் அப்படித்தான் ஒரு வருடத்தைத் தொலைத்தேன்.

எதிர்வீட்டுத் தங்கை போன வாரம் எங்கள் அடுக்குமாடியின் கீழே திறந்து கிடக்கும் வெற்றுத்தளத்தில் உட்கார்ந்து தன் ஆசிரியைக்கு ஒரு மெயில் எழுதினாள். ஆறு வரிதான். அனுப்பும் பொத்தானை அழுத்த அவளுக்குப் பத்து நிமிடம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது, அப்பத்தா வீட்டுப் போர் தண்ணீரை அரை லிட்டர் பாட்டிலில் பிடித்து, சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தேன். நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதைக் கொண்டு உப்பைக் கணிக்கும் கருவியில் வைத்தால் சென்டிமீட்டருக்கு 3.8 மில்லிசீமன்ஸ். நான் மாதக்கணக்கில் கலந்து கலந்து சோதித்த உப்புநீரும் கிட்டத்தட்ட அதே அளவுதான் காட்டும். பேராசிரியரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். கேட்க இப்போது தெரிந்துவிட்டிருந்தது. சிறிய கலத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றி, அழுத்தம் கொடுத்து, சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விழுந்த நீரில் உப்பு இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

அன்று இரவே அப்பத்தாவுக்குப் போன் செய்தேன். சவ்வு, அழுத்தம் எல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பத்தா ஒன்றுதான் கேட்டது:

"அந்தத் தண்ணில பருப்பு வேகுமா தாயி?"

"வேகும் அப்பத்தா. நல்லா வேகும்."