டெக்சாஸ்ல சின்ன பிசினஸ் பண்றவங்க இந்த நாலு வருஷ ரூல் ரிவ்யூவ விட்றாதீங்க

டெக்சாஸ்ல எந்த அரசு ஏஜென்சி ரூல் போட்டாலும் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ரூல எடுத்து, இது இன்னும் தேவையான்னு பாத்தே ஆகணும், சட்டத்துலயே இருக்கு. 1999ல கவர்ன்மென்ட் கோட்ல, அதாவது மாநில அரசு எப்படி நடக்கணும்ங்கிற சட்டத் தொகுப்புல, வந்த செக்‌ஷன் 2001.039. பாத்துட்டு அப்படியே வச்சுக்கலாம், மாத்தி வச்சுக்கலாம், இல்ல தூக்கிடலாம். நான் டாலஸ் பக்கத்துல சின்னச் சின்ன கடைங்களுக்கு கணக்கு வழக்கு பாத்துக் குடுக்குறேன், பியூட்டி பார்லர், கேட்டரிங், வீட்ல இருந்தே பொடி முறுக்கு போட்டு விக்கிறவங்க, இப்படித்தான் என் கஸ்டமருங்க. அவங்கள்ல ஒருத்தருக்குக் கூட இப்படி ஒரு ரிவ்யூ நடக்குதுன்னு தெரியல. அதனாலதான் இத எழுதியே ஆகணும்னு உக்காந்தேன்.

தெரியாததுக்கு அவங்க மேல தப்பே இல்ல. வாரா வாரம் வெள்ளிக்கிழமை டெக்சாஸ் ரெஜிஸ்டர்னு அரசு ஒண்ணு வெளியிடுது, அதுலதான் இந்த அறிவிப்பெல்லாம் வரும். அத ஒரு தடவை திறந்து பாருங்க. "டைட்டில் 16, சேப்டர் 83 மறுபடி பாக்கப் போறோம், கருத்து இருந்தா அனுப்புங்க"ங்கிற மாதிரி ஒரு பத்தி இருக்கும், அவ்ளோதான். அந்த சேப்டர் 83தான் பார்லர், சலூன் எல்லாத்துக்குமான ரூல்னு கடையில நின்னு வேலை பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்? கருத்து சொல்ல பொதுவா 30 நாள் தருவாங்க. அது முடிஞ்சு கொஞ்ச நாள்ல இன்னொரு பத்தி வரும், கருத்து எதுவும் வரல, ரூல் போட்டதுக்கான காரணம் இன்னும் இருக்கு, அதனால தொடருதுன்னு. இந்த மாதிரி பத்திய நான் நிறைய படிச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் மனசு அடிச்சுக்கும், ஏன்னா அந்த ரூலால கஷ்டப்படுறவங்க யாருன்னு எனக்கு முகம் முகமாத் தெரியும்.

இதுல என்ன பெரிய ஓட்டைன்னா, சின்ன பிசினஸ் மேல எவ்ளோ சுமை விழும்னு கணக்குப் போடுறது ரூல் போடும்போது மட்டும்தான். அதே கவர்ன்மென்ட் கோட்ல சேப்டர் 2006ன்னு ஒரு சட்டம் இருக்கு, 100 பேருக்குக் குறைவா வேலை பாக்குற இல்லன்னா வருஷ வரவு 60 லட்சம் டாலருக்குக் கீழ இருக்குற கடைங்கள சின்ன பிசினஸ்னு சொல்லுது, 20 பேருக்கு மேல இல்லாதவங்கள மைக்ரோ பிசினஸ்னு தனியாவே சொல்லுது. இவங்களுக்கு பாதிப்பு வரும்னா ஏஜென்சி முன்னாடியே அத எழுதி, வேற சுலபமான வழி இருக்கான்னு பாக்கணும். நல்ல சட்டம்தான், நான் மறுக்கல. ஆனா ரூலே இன்னும் வரலயே, அப்போ போடுற கணக்கு ஊகம்தானே? நாலு வருஷம் கழிச்சு உண்மையான செலவு எவ்ளோ, எத்தனை மணி நேரம் பேப்பர் வேலைக்கே போகுதுன்னு கடைக்காரங்களுக்கு அத்துப்படி, ஆனா அந்த நேரத்துல சட்டம் ஏஜென்சிய கேக்கச் சொல்றது, ரூல் போட்ட காரணம் இன்னும் இருக்கான்னு மட்டும்தான். காரணம் எப்பவும் இருக்கும்ங்க. சுகாதாரம்னு ஒரு காரணம் சொன்னா அது எந்தக் காலத்துல இல்லாமப் போகும்?

வர்ஜீனியாவுல இத எவ்வளவோ மேலா எழுதி வச்சிருக்காங்க. அங்கயும் நாலு வருஷம்தான், ஆனா ரிவ்யூ பண்ணும்போதே சின்ன பிசினஸ் பாதிப்பையும் சேத்துப் பாக்கணும், பொதுமக்கள் என்ன புகார் குடுத்திருக்காங்க, ரூல் எவ்ளோ சிக்கலா இருக்கு, ஃபெடரல் சட்டத்தோடயோ மாநிலத்தோட வேற சட்டத்தோடயோ மோதுதா, கடைசியா பாத்ததுல இருந்து டெக்னாலஜியும் தொழில் நிலைமையும் எவ்ளோ மாறிருக்குன்னு வரிசையா பதில் எழுதணும். ஃபெடரல் லெவல்ல 1980 சட்டம் ஒண்ணு இருக்கு, அதுல பத்து வருஷம் வரைக்கும் டைம். டெக்சாஸ் நாலு வருஷம்னு வச்சதெல்லாம் சரி, கேக்குற கேள்விதான் பத்தல.

இதெல்லாம் பேப்பர்ல இருக்குற விஷயம், நமக்கென்னன்னு நினைக்காதீங்க. த்ரெட்டிங் கேஸ் நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நூல வச்சு புருவம் எடுக்குற வேலைக்கு, 750 மணி நேரம் படிச்சு லைசென்ஸ் வாங்கணும்னு வச்சிருந்தாங்க. 2009 கடைசில படேல்னு ஒருத்தரும் இன்னும் சில பேரும் சேந்து கேஸ் போட்டாங்க, 2015 ஜூன்லதான் டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு, 6க்கு 3ன்னு. அந்த 750 மணி நேரத்துல 320 மணி நேரம் வரைக்கும் த்ரெட்டிங்குக்கு சம்பந்தமே இல்லாத படிப்பு, இது தாங்க முடியாத சுமைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. அத்தன வருஷம் அந்த நாற்காலில உக்காந்து வேலை செஞ்சவங்க நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருவாரோ அபராதம் போடுவாரோன்னு பயந்துக்கிட்டே இருந்திருப்பாங்க.

அதே 2015ல டாலஸ்லயே இன்னொண்ணு. ஐசிஸ் பிராண்ட்லின்னு ஒரு அம்மா, ஆப்பிரிக்க முறையில தலை பின்னக் கத்துக் குடுக்குறவங்க. அதுக்கு அவங்க பார்பர் ஸ்கூல் மாதிரி 2,000 சதுர அடி இடம், பத்து நாற்காலி, அஞ்சு சிங்க் வச்சிருக்கணும்னு ரூல். பின்னல் போட சிங்க் எதுக்குங்க? ஃபெடரல் கோர்ட் அந்த ரூல் செல்லாதுன்னு சொல்லி, அதே வருஷம் சட்டசபையும் பின்னல் போடுறவங்களுக்கு லைசென்ஸே வேண்டாம்னு எடுத்துடுச்சு. 1997ல அதே அம்மாவ லைசென்ஸ் இல்லன்னு அரெஸ்ட் வேற பண்ணிருக்காங்க. கோர்ட்டுக்குப் போக எல்லாருக்கும் வக்கீலும் வருஷக்கணக்கான பொறுமையும் கிடைக்குமா?

அடுத்தது ஊறுகாய். 2013 சட்டத்துல வீட்ல போட்ட பிக்கிள் விக்கலாம்னு வந்துச்சு, ஆனா சுகாதாரத் துறை போட்ட ரூல்ல பிக்கிள்னா வெள்ளரிக்காய்ல போட்டது மட்டும்தான்னு எழுதிட்டாங்க. மாங்காயும் எலுமிச்சையும் அவுட். ஹேர்ன்ங்கிற ஊர்ல ஒரு தம்பதி பீட்ரூட் ஊறுகாய் விக்க முடியாம 2018ல கேஸ் போட்டாங்க, 2019ல சட்டசபை சட்டத்தையே விரிவாக்குச்சு, மத்த காய்கறி பழத்துலயும் போடலாம், பிஹெச், அதாவது புளிப்பு அளவு, 4.6க்குள்ள இருக்கணும்னு. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, ஆவக்காயும் நார்த்தங்காயும் போடுவாங்க, சமையலறை மேடையில எண்ணெய் ஜாடி பக்கத்துலயே பிஹெச் மீட்டர் ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு தடவை போடும்போதும் ஒரு ஸ்பூன் எடுத்து அளந்து தேதியோட நோட்டுல எழுதி வைப்பாங்க. அந்த ரூல் நியாயம்னு அவங்களே சொல்வாங்க, யாருக்கும் வயிறு கெடக்கூடாதுல்லன்னு. அவங்களுக்கு கஷ்டமா இருந்தது பாட்டில் மேல வீட்டு அட்ரஸ் போடணும்ங்கிறதுதான். "தனியா இருக்கேன்மா, முன்ன பின்ன தெரியாதவங்க கையில எல்லாம் என் வீட்டு நம்பர் போகுதே"ன்னு எத்தனையோ தடவை சொல்லிருக்காங்க. ரூல்ல எது வேணும் எது வேண்டாம்னு இவ்ளோ தெளிவா பிரிச்சுச் சொல்ல இவங்கள விட்டா யாரு இருக்கா?

2025 செப்டம்பர் 1ல இருந்து அது மாறிடுச்சு. துறையில ரிஜிஸ்டர் பண்ணி ஒரு நம்பர் வாங்கிட்டா அட்ரஸுக்கு பதிலா அந்த நம்பர் போட்டுக்கலாம். வருஷ விற்பனை உச்சவரம்பு 50,000 டாலர்ல இருந்து 1,50,000 ஆயிடுச்சு. ஃபிரிட்ஜ்ல வைக்க வேண்டிய சாப்பாடும் விக்கலாம், அதுக்கு ரிஜிஸ்டர் பண்ணி, லேபிள்ல செஞ்ச தேதியும் எப்படி வைக்கணும்ங்கிற குறிப்பும் போடணும். கறி, மீன் இன்னும் கூடாது. நம்ம பெண்கள் எத்தனை பேருக்கு இது வழி திறந்து விட்டிருக்குன்னு நினைச்சா எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருக்கு. ஆனா சட்டம் வந்ததும் அது கீழ துறை ரூல் போடும், அந்த ரூலும் நாலு வருஷத்துல ரிவ்யூவுக்கு வரும், அப்பவாவது நம்ம கருத்து அங்க இருக்கணும்.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கணும், இந்த ரிவ்யூ ரூலத்தான் தொடும், சட்டத்த தொடாது. லைசென்ஸே வேண்டாம்னு கேக்கணும்னா அது சட்டசபை வேலை, இல்லன்னா 1977ல ஆரம்பிச்ச சன்செட் கமிஷன், அவங்க ஏஜென்சியவே பொதுவா 12 வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாப்பாங்க, அங்கயும் யார் வேணா போய்ப் பேசலாம். நாலு வருஷம் காத்திருக்க முடியாதுன்னா, ரூல மாத்தச் சொல்லி எப்ப வேணா மனு குடுக்கலாம், 60 நாளுக்குள்ள ஏஜென்சி ஒண்ணு வேலைய ஆரம்பிக்கணும், இல்ல ஏன் முடியாதுன்னு காரணத்தோட எழுத்துல சொல்லணும். 2025ல கவர்னர் ஆபீஸ் கீழ ரூல்களக் குறைக்க ஒரு தனி ஆபீஸும் வந்திருக்கு, ரூல் எளிய பாஷையில இருக்கணும்ங்கிறதும் அதோட வேலைல ஒண்ணு.

கருத்து எழுதும்போது கோவத்த மட்டும் எழுதாதீங்க. எந்த செக்‌ஷன், அதுக்காக மாசம் எத்தன மணி நேரம் போகுது, கையை விட்டு எவ்ளோ டாலர் போகுது, அதே பாதுகாப்பு கிடைக்க வேற என்ன சுலப வழி, இத எழுதுங்க. ரெண்டு பக்கம் போதும். வக்கீல் வேண்டாம். நல்ல இங்கிலீஷும் வேண்டாம், ஆனா தயக்கமா இருந்தா தமிழ்லயே எனக்கு அனுப்புங்க, நான் மாத்தி எழுதித் தரேன், காசு எதுவும் வேண்டாம். இந்த வாரம் வந்த ரெஜிஸ்டர்ல பார்லர், கேட்டரிங், வீட்டு சமையல் சம்பந்தமா எந்த சேப்டர் இருந்தாலும் கடைசி தேதியோட கீழ போடுறேன்.