ஏசிஎல் அறுவைக்குப் பிறகு: தரையிறங்கப் பயந்த கதை

இடது முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் என்ற நார் அறுந்து அறுவை செய்துகொண்டேன். ஒன்பதாவது மாதப் பரிசோதனையில் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். இடது தொடையின் பலம் வலது தொடையோடு ஒப்பிட்டால் 93 சதவீதம். ஒற்றைக்காலில் தாவும் சோதனையில் 95. பொதுவாக 90-ஐத் தொட்டால் போதும் என்பார்கள். "இனி நீங்க விளையாடலாம்" என்று டாக்டர் கைகுலுக்கி அனுப்பினார். அந்த வாரக் கடைசியிலேயே வாலிபால் ஷூவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். லேஸைக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். அப்புறம் தொடை கொஞ்சம் பிடித்திருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஸ்கோர் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அடிபட்ட அன்று யாரும் என் மேல் மோதவில்லை, தரையும் வழுக்கவில்லை. ஸ்மாஷ் அடித்துவிட்டு இறங்கினேன், இடது முட்டி உள்பக்கமாக மடங்கியது, 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஏசிஎல் அறுவது பெரும்பாலும் இப்படி யாரும் மோதாமலேதான் என்று பின்னால் தெரிந்தது. ஆறுதலுக்காகத்தான் அதை என்னிடம் சொன்னார்கள். எனக்கு அதுவே வினையாகிவிட்டது. எவனாவது இடித்துத் தள்ளியிருந்தால் அடுத்த முறை அவனைக் கண்டு ஒதுங்கிக்கொள்ளலாம். சும்மா இறங்கினதற்கே அறுந்தது என்றால் எதைக் கண்டு ஒதுங்குவது?

அறுவை முடிந்த முதல் வாரம் பிசியோ "தொடையை இறுக்குங்க" என்றார். தொடையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு முயன்றேன். அது அசையவே இல்லை, யாரோ ஒருவருடைய கால் மாதிரி கிடந்தது. நான்தான் சோம்பேறித்தனம் பண்ணுகிறேன் என்று இரண்டு வாரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மூட்டு வீங்கியிருக்கும்போது தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடம்பே அடக்கி வைக்கும், அது என் கையில் இல்லை என்பதை நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

நடுவில் வந்த மாதங்களில் பெரிய தொல்லை இல்லை. இத்தனை கிலோ, இத்தனை தடவை என்று தினமும் ஒரு கணக்கு இருந்தது. டீம் வாட்ஸ்அப் குழுவை மட்டும் மியூட் செய்து வைத்திருந்தேன். என் இடத்தில் ஆடிய பையன் நன்றாக ஆடினான். அவன் தோற்க வேண்டும் என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு வெட்கப்படவும் செய்தேன்.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகுதான் நிஜமான சிக்கல் ஆரம்பித்தது. ஸ்கோர் எழுதி எழுதி அலுத்துப்போய் ஒருநாள் இறங்கி ஆடினேன். நண்பர் ஒருவர் அதை மொபைலில் எடுத்திருந்தார். பயிற்சி அறையில் இரண்டு காலிலும் அழகாக இறங்குகிறவன், பந்து வந்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் வலது காலில் மட்டும் இறங்குகிறேன். வீடியோவைப் பார்க்கும்வரை எனக்கே அது தெரியாது.

பிசியோவிடம் வீடியோவைக் காட்டியதும் ஒரு தாளை நீட்டினார். ஏசிஎல்-ஆர்எஸ்ஐ என்று பெயர். மொத்தம் 12 கேள்விகள், பயம், தன்னம்பிக்கை, மறுபடி அடிபடுமோ என்ற நினைப்பு எல்லாவற்றையும் பற்றி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 100-க்குள் ஒரு மதிப்பெண் போட வேண்டும். என் சராசரி 41. "பயமில்லாமல் விளையாட முடியுமா" என்ற மாதிரி வந்த கேள்விக்கு 20 போட்டேன், அதுவும் கொஞ்சம் தாராளமாகவே. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றை அவர் சொன்னார். இந்த அறுவை செய்துகொண்டவர்களில் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம், போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம்தான். திரும்பாதவர்களில் நிறையப் பேருக்கு முட்டி நன்றாகத்தான் இருக்கும் என்றார்.

கூடைப்பந்து வீரர் டெரிக் ரோஸ் 2012 ஏப்ரலில் ஏசிஎல் அறுந்து, மருத்துவ அனுமதி கிடைத்த பிறகும் அடுத்த சீசன் முழுக்க ஆடாமல் இருந்தார். அப்போது அவரைக் கிண்டல் பண்ணியவர்களில் நானும் ஒருவன்.

"தைரியமா இரு" என்று சொன்னவர்களால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பிசியோ அப்படிச் சொல்லவில்லை, படிப்படியாக இறங்க வைத்தார். முதலில் சின்னப் பெட்டியிலிருந்து குதிப்பது. அப்புறம் பந்தில்லாமல் வலையருகே எம்புவது, பிடித்துக் கொடுத்த பந்தை அடிப்பது, எதிரே ப்ளாக்குக்கு ஆளை நிறுத்தி அடிப்பது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பயத்துக்குப் பத்துக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். மூன்றுக்குக் கீழே வரும்வரை அடுத்த படி கிடையாது. ப்ளாக்கர் நிற்கும் படியில் மட்டும் ஐந்து வாரம் கிடந்தேன்.

கண்ணை மூடி, குதித்து இறங்குவதாக மனதில் ஓட்டிப் பார்க்கச் சொன்னபோது சிரிப்புதான் வந்தது. ஓட்டிப் பார்த்தேன். கற்பனையிலும் முட்டி மடங்கியது, 'டப்' சத்தம்கூடக் கேட்டது! கற்பனையில் ஒழுங்காக இறங்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இன்னொன்றும் சொன்னார்: இறங்கும்போது முட்டியை நினைக்காதீங்க, வலையின் மேல்நாடாவைப் பாருங்க. எனக்கு அதிகம் உதவியது இதுதான். முட்டியையே நினைத்துக்கொண்டு இறங்கினால் கால் விறைத்துக்கொள்கிறது.

பயமே கூடாது என்றும் எனக்குத் தோன்றவில்லை. மறுபடி அறுவது நிஜமாகவே நடக்கிற விஷயம், அறுவை முடிந்து ஒன்பது மாதம் ஆவதற்குள் அவசரப்பட்டுத் திரும்பினால் இன்னும் அதிகம். ஆனால் பயத்தில் ஒரே காலில் இறங்கிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கிற காலுக்கும் சுமை ஏறும்.

பதினான்காவது மாதம் முழு ஆட்டம் ஆடினேன். இரண்டு செட் தோற்றோம், என் ஸ்மாஷ் பாதி வலையில் போனது. போன மாதம் அதே தாளை மறுபடி நிரப்பினேன். சராசரி 76. அந்தப் பயக் கேள்விக்கு மட்டும் 60. தரை ஈரமாக இருந்தால் இன்னும் நான் எம்புவதில்லை, பந்தைத் தட்டி மட்டும் விடுகிறேன். டீமில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.