ஜெர்மனியை விட்டு வந்தும் என்னை விடாத வீட்டு இன்டர்நெட்

ஒருவழியாக முடிந்தது. போன வாரம் என் ஜெர்மன் வங்கிக் கணக்கில் பணம் திரும்ப வந்து விழுந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று கடிதமும் வந்தது. வேலை, வாடகை வீடு, கார், காப்பீடு, மகளின் பள்ளி என்று எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிட்டுத்தான் சேலத்துக்கு விமானம் ஏறினோம். வீட்டு இன்டர்நெட் மட்டும் கூடவே வந்துவிட்டது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இருக்கும் நம்மவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு நிறுவனத்தைப் பற்றி இதே கதையைச் சொல்வார்கள்.

எங்களுடையது திடீர் முடிவு. அப்பாவுக்குக் கண்பார்வை குறைந்துகொண்டே வந்தது, செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் கொலுசுப் பட்டறையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். வீடு மாறியபோது போட்ட புது இணைப்பு அது, 24 மாத ஒப்பந்தம். பாதிகூட ஓடவில்லை.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஜெர்மனியின் தொலைத்தொடர்புச் சட்டத்தை மாற்றி எழுதி, 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் 60ஆவது பிரிவு என்ன சொல்கிறதென்றால், நீங்கள் குடிபோகும் புது இடத்தில் அந்த நிறுவனம் சேவை தராவிட்டால், ஒரு மாத அவகாசம் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வீட்டைக் காலி செய்யும் நாளிலிருந்தே முடிவுக்கு வரும்படியும் கேட்கலாம். அவர்களுடைய கம்பி சேலம் அஸ்தம்பட்டி வரைக்கும் வராது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

ஹாட்லைனில் முதலில் கிடைத்தவர், "24 மாதமும் கட்டித்தான் ஆக வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்தார். பிரிவு எண்ணைச் சொன்னதும், "அப்படியானால் அப்மெல்டுங் அனுப்புங்கள்" என்றார். ஊரை விட்டுப் போகிறோம் என்று அங்கே பதிவை நீக்கியதற்கான சான்றுதான் அது. சிக்கல் இங்கேதான். வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்புதான் அந்தப் பதிவை நீக்கவே முடியும், அதற்கு முன்னால் போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு மாத அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கடைசி வாரத்தில்தான் கிடைக்கும் காகிதம் இல்லாமல் அவகாசமே ஆரம்பிக்காது என்பது இவர்கள் கணக்கு. அப்படியானால் நாட்டை விட்டுப் போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு மாதக் கட்டணம் சும்மா வந்து சேரும். தெரியாமல் செய்கிறார்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

ஆகவே கிளம்பப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: காகிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ரத்துக் கடிதத்தை முதலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் தேதியைத் தெளிவாகப் போட்டு, வீட்டுக்காரர் கொடுத்த வாடகை முடிவு உறுதியையும் விமான டிக்கெட்டையும் இணைத்து, 'பதிவு நீக்கச் சான்று கிடைத்ததும் அனுப்புகிறேன்' என்று ஒரு வரி எழுதினால் போதும். 'இது செல்லாது என்றால், சாத்தியமான அடுத்த தேதியில் ரத்தாகட்டும்' என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். பின்னால் வம்பு வந்தால் குறைந்தபட்சம் ஒப்பந்தக் காலம் முடிகிற நாளாவது உறுதியாகும்.

அனுப்புவதற்கு நல்ல வழி, நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் ரத்துப் பொத்தான். 2022 ஜூலை 1 முதல் அப்படியொரு பொத்தான் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பக்கத்தின் அடியில் எங்காவது இருக்கும், லாகின் தேவையில்லை. அழுத்தி அனுப்பியதும் நாளும் நேரமும் போட்ட ஒப்புகை உடனே மெயிலில் வரும். அந்த மெயில்தான் என்னைக் கடைசியில் காப்பாற்றியது. ஏனென்றால் சேலம் வந்து சேர்ந்த பிறகு, "நீங்கள் ரத்து செய்ததாக எங்களிடம் பதிவே இல்லையே" என்று கூச்சமில்லாமல் சொன்னார்கள்.

பதிவு நீக்கச் சான்று சொன்ன நாளில் கையில் கிடைத்தது, அன்றைக்கே அனுப்பினேன். பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்து, நாங்கள் ஊருக்கு வந்து பெட்டியெல்லாம் பிரித்த பிறகு ஒரு மெயில் வந்தது. 'புது முகவரியை எங்கள் இடமாற்றப் படிவத்தில் நிரப்புங்கள், அங்கே சேவை உண்டா என்று பார்த்துச் சொல்கிறோம்.' படிவத்தைத் திறந்தால் அஞ்சல் குறியீட்டுக் கட்டம் ஐந்து இலக்கத்துக்கு மேல் வாங்கவில்லை. ஜெர்மனியில் ஐந்துதான். நம் 636இல் தொடங்கும் ஆறு இலக்கத்தைப் போட்டால் கடைசி எண்ணைத் தின்றுவிட்டு, 'அப்படி ஓர் ஊர் இல்லை' என்கிறது. ஊர் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் சேவை எப்படி இருக்கும் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: 'படிவம் முழுமையாக நிரப்பப்படாததால் உங்கள் கோரிக்கை மூடப்பட்டது.'

சரி, பேசிப் பார்க்கலாம் என்றால் அவர்களுடைய 0800 இலவச எண் இங்கிருந்து போகாது. வெளிநாட்டிலிருந்து கூப்பிட வேறொரு எண் இருக்கிறது, அது பில்லின் பின்பக்கம் இருக்கும். கிளம்புவதற்கு முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. அவர்கள் காலை 8 மணிக்குக் கடை திறக்கும்போது இங்கே மதியச் சாப்பாட்டு வேளை. பட்டறையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் கொலுசு வேலை நடக்கும் சத்தம், இன்னொரு பக்கம் ஸ்பீக்கரில் அவர்களின் காத்திருப்பு இசை.

பெயர் விஷயம் தனிக்கூத்து. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. ஆகவே ஜெர்மனியில் நான் ஹெர் ஆறுமுகம், அதாவது திரு. ஆறுமுகம். ஒருநாள் ஹாட்லைனில் பேசிய பெண்மணி அடையாளம் சரிபார்க்கிறேன் என்று, "ஹெர் ஆறுமுகம்? ஹெர் ஆறுமுகம், இருக்கிறீர்களா?" என்று ஸ்பீக்கரில் கூப்பிட, உள்ளே எடை போட்டுக்கொண்டிருந்த அப்பா, "இருக்கறேன், யாருங்க அது?" என்று குரல் கொடுத்துவிட்டார். இரண்டு குரல் கேட்டதும் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, தகவல் பாதுகாப்பைக் காரணம் காட்டி லைனைத் துண்டித்தார். அப்பாவுக்கு இன்றைக்கும் அது புரியவில்லை. "என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு என்கூடப் பேச மாட்டேங்கறாளே" என்கிறார்.

திரும்பக் கூப்பிடுகிறோம் என்பார்கள், ஆனால் ஜெர்மன் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த ப்ரீபெய்டு சிம்மைப் பழைய போனில் போட்டு ரோமிங்கில் உயிரோடு வைத்திருந்தேன். குறுஞ்செய்தி இலவசமாக வந்துவிடும், ஆனால் அழைப்பை எடுத்தாலே காசு. மாமாவின் வீட்டு விசேஷத்துக்கு ஏற்காடு போய்க்கொண்டிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம், சரியாக அப்போதுதான் அந்தப் போன் அடித்தது. எடுத்தேன். "ஹெர் ஆறுமுகம்..." வரைக்கும் கேட்டது. வண்டி திரும்பியது, சிக்னல் போனது. மேலே ஏரிக்கரை போய்ச் சேர்ந்தபோது செய்தி வந்திருந்தது: 'உங்களைத் தொடர்புகொள்ள முடியாததால் கோரிக்கை மூடப்பட்டது.' சிம்மில் இருந்த பணமும் காலி. விசேஷ வீட்டில் என் முகத்தைப் பார்த்து, சாப்பாடு பிடிக்கவில்லை போல என்று அத்தை வருத்தப்பட்டார்.

அன்றோடு பேச்சை நிறுத்தினேன். போனில் பேசியது எதுவும் அவர்கள் கணக்கில் நடந்ததே இல்லை. எழுத்தில் கொடுத்தது மட்டும்தான் நடந்தது.

இதற்கிடையில் மாதாமாதம் வங்கியிலிருந்து பணம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மனியில் நாம் அனுமதி கொடுத்து நடக்கும் நேரடிப் பற்றை, எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி வாங்கிக்கொள்ளலாம். வங்கிச் செயலியில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். காலி செய்த தேதிக்குப் பிறகு எடுத்ததை மட்டும் திருப்பினேன். அதற்கு முந்தையதைத் தொடவில்லை, அது அவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டிய காசு. உடனே நினைவூட்டல் கடிதம், அதற்குத் தனிக் கட்டணம், வசூல் நிறுவனத்திடம் ஒப்படைப்போம் என்ற மிரட்டல். இந்த இடத்தில் பலர் பயந்து கட்டிவிடுகிறார்கள். கட்ட வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். 'இந்தத் தொகையை நான் மறுக்கிறேன், காரணம் இது' என்று உடனே எழுதி அனுப்புங்கள். எழுத்தில் மறுக்கப்பட்ட பாக்கியை, யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைத்திருக்கும் ஷூஃபாவில் ஏற்றக் கூடாது. திரும்பவும் ஐரோப்பா பக்கம் போகும் எண்ணம் இருப்பவர்களுக்கு அது முக்கியம்.

இன்னொன்று, வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். அங்கே கூட வேலை பார்த்த ஈரோட்டு நண்பர் கிளம்பும் வாரத்திலேயே கணக்கை மூடிவிட்டார். திருப்பித் தர வேண்டிய பணத்தை அனுப்ப இடமில்லை என்று அவரை அலைய விட்டார்கள்.

அடுத்து ரவுட்டர். அது வாடகை ரவுட்டர், கிளம்புவதற்கு முன்பே தபால் கடையில் கொடுத்து அனுப்பிவிட்டோம். வந்து சேரவில்லை என்று அதற்கும் ஒரு பில் வந்தது. இந்த இடத்தில் என் மனைவிக்கு ஒரு பெரிய கும்பிடு. பெட்டியை ஒட்டும் முன் ரவுட்டரின் அடிப்பக்கத்து வரிசை எண், பெட்டிக்குள் இருப்பது, ஒட்டிய லேபிள், கடைக்காரர் கொடுத்த ரசீது என்று எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். "எதுக்கு இதெல்லாம், லேட்டாகுது" என்று அப்போது நான் முனகியது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூல ரசீது சேலத்து வெயிலில் வெள்ளைத் தாளாகிவிட்டது, படம் நின்றது. படத்தை அனுப்பிய மறுநாளே ரவுட்டர் பில்லை ரத்து செய்தார்கள். இந்த நிறுவனம் வேகமாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

கடைசி ஆயுதம் பான் நகரில் இருக்கும் பெடரல் நெட்வொர்க் ஏஜென்சி. தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு அது. அங்கே நுகர்வோருக்கு ஒரு சமரசப் பிரிவு இருக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில், கட்டணம் கிடையாது. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை, அதற்கு என்னிடம் மெயில் குவிந்து கிடந்தது. சமரசத்துக்கு வர நிறுவனம் மறுக்கலாம் என்பதும் உண்மை. ஆனாலும் விண்ணப்பித்து, அதன் நகலை இணைத்து, 60ஆவது பிரிவையும் ரத்துப் பொத்தான் ஒப்புகையையும் சேர்த்து, அரைப் பக்கத்துக்கு மிகாமல் ஜெர்மன் மொழியில் நிறுவனத்துக்கு எழுதினேன். 'வெர்பிராவுகர்சென்ட்ராலெ' என்ற நுகர்வோர் ஆலோசனை மையத்தின் தளத்தில் மாதிரிக் கடிதங்கள் கிடைக்கும், வார்த்தைகளை அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் எழுதினால் பதில் வர இரட்டிப்பு நேரம் ஆகும் என்பது என் அனுபவம்.

அதன் பிறகு நிறுவனத்தின் வேறு ஒரு பிரிவிலிருந்து வேறு ஒருவர் எழுதினார். காலி செய்த நாளிலேயே ஒப்பந்தம் முடிந்ததாகக் கொள்கிறோம், நினைவூட்டல் கட்டணம் தள்ளுபடி, மீதிப் பணம் திரும்பி வரும், இது எங்கள் நல்லெண்ண நடவடிக்கை என்று. நல்லெண்ணமாம்! சட்டப்படி எனக்குச் சேர வேண்டியதை எனக்கே அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள். பதிலுக்கு ஒரு சூடான கடிதம் எழுதி வைத்தேன், மனைவி அனுப்ப விடவில்லை. "காசு வரட்டும் முதல்ல" என்றாள். வந்துவிட்டது.

இங்கே சேலத்தில் இன்டர்நெட் எடுத்த கதைக்கு ஒரு வரி போதும்: தெருக்கோடி கேபிள்காரத் தம்பிக்குப் போன் செய்தேன், சாயங்காலம் கம்பிச் சுருளோடு வந்து இழுத்துவிட்டுப் போனான். மழை வந்தால் போய்விடுகிறது, அது வேறு விஷயம்.

அக்கா மகன் வரும் அக்டோபரில் ஜெர்மனியில் இருக்கும் ஆகன் நகருக்குப் படிக்கப் போகிறான். அவனைப் பட்டறையில் உட்கார வைத்துச் சொன்னவற்றை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 24 மாத ஒப்பந்தத்தைத்தான் எல்லோரும் நீட்டுவார்கள், ஆனால் 12 மாதத்துக்கு மிகாத ஒப்பந்தம் ஒன்றையும் அவர்கள் வைத்திருந்தே ஆக வேண்டும். கேட்டால்தான் காட்டுவார்கள். முதல் காலம் முடிந்து தானாக நீண்டால், எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத அவகாசத்தில் முறித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் கணக்குக்கு நிறுவனம் தரும் மெயில் முகவரியைக் கொடுக்காதே, ஒப்பந்தத்தோடு அதுவும் போய்விடும். இணைப்புக் கொடுக்க வருகிற டெக்னீஷியன் சொன்ன நேரத்துக்கு வராமல் ஏமாற்றினால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், எது அதிகமோ அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அழைப்புமணியில் உன் பெயர் இல்லாவிட்டால், 'வந்தேன், ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவான், தப்பு நம் தலையில் விழும். கீழ்த்தளத்து இணைப்புப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "மாமா, மணியில என் பேரை ஒட்டணுமா, அப்பா பேரையா?" என்று கேட்டான். இரண்டையும் ஒட்டு என்றேன்.