வசன எண் பொருந்தாவிட்டால் உடனே பொய் என்று சொல்லாதீர்கள்

இஸ்லாம் பற்றிய பழைய ஐரோப்பிய ஆய்வு நூலில் ‘மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை’ என்ற வசனத்துக்கு 2:257 (இரண்டாம் அத்தியாயம், 257-ஆம் வசனம்) என்று எண் போட்டிருக்கும். கையிலுள்ள தமிழ் மொழிபெயர்ப்பைப் புரட்டினால் 2:257-ல் இருப்பது வேறு: நம்பிக்கை கொண்டோரின் பாதுகாவலன் அல்லாஹ், இருளிலிருந்து ஒளிக்குக் கொண்டுவருகிறான் என்ற வசனம். ‘பார்த்தீர்களா, குர்ஆனையே திரிக்கிறார்கள்’ என்று சண்டை தொடங்குவது இங்கேதான்.

திரிபு ஏதுமில்லை, இரண்டு எண்ணிக்கை முறைகள், அவ்வளவே. குஸ்தாவ் ஃப்ளூகல் 1834-ல் லைப்சிக்கில் அச்சிட்ட குர்ஆன் பதிப்பு ஐரோப்பிய அறிஞர்களுக்கு நூறாண்டுக்கு மேல் கைநூலாக இருந்தது. வசனங்களை அவர் பிரித்த விதம் முஸ்லிம் மரபின் எந்த ஒரு கணக்கோடும் முழுதாக ஒத்துப்போகாது. இன்று நாம் பார்க்கும் எண்கள் இராக்கின் கூஃபா நகர மரபின் 6236 வசனக் கணக்கு; 1924-ல் வெளியான கெய்ரோ பதிப்பு அதைப் பரவலாக்கியது. ஜெர்மன் அறிஞர் நோல்டெக்கே குர்ஆன் வரலாறு பற்றி எழுதிய 1860 நூல் ஃப்ளூகல் எண்ணில்தான் ஓடும். 1955-ல் வந்த ஆர்பெரியின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அப்படியே. அதில் ஐந்தைந்து வசனங்களுக்கு ஒருமுறைதான் எண் இருக்கும் என்பதால் தேடுவது இன்னும் சிரமம்.

ஒன்றைக் கூட்டியோ கழித்தோ சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் அத்தியாயமான அல்பகராவின் தொடக்கத்தில் வரும் ‘அலிஃப் லாம் மீம்’ என்ற மூன்று எழுத்துகள் கெய்ரோ பதிப்பில் தனி வசனம். ஃப்ளூகலில் அடுத்ததோடு சேர்ந்தது. அதனால் அங்கே அவர் ஓர் எண் பின்தங்குகிறார். அதே அத்தியாயத்தில் ‘அரியணை வசனம்’ எனப்படும் ஆயத்துல் குர்ஸிக்கு வரும்போது ஓர் எண் முந்திவிடுகிறார்: நமக்கு 255, அவருக்கு 256. கடைசி வசனமோ இரண்டிலும் 286! முடிவு எண் ஒத்துப்போகிறதே என்று நம்பினால் நடுவில் ஏமாறுவீர்கள்.

இன்னொரு பொறி ஐந்தாம் சூராவில் (அத்தியாயத்தில்). ‘இன்று உங்கள் மார்க்கத்தை நிறைவாக்கினேன்’ நமக்கு 5:3, ஃப்ளூகலில் 5:5. நம்முடைய 5:5-ம் ‘இன்று’ என்றே தொடங்குகிறது, ஆனால் பேசுவது வேதக்காரர்களின் (யூதர், கிறிஸ்தவர்) உணவைப் பற்றி. அவசரமாகப் பார்ப்பவர் தவறான வசனத்திலேயே திருப்தியாகிவிடுவார்.

நூல் எந்த எண்ணில் போகிறது என்று கண்டுபிடிக்க, அதில் ஆயத்துல் குர்ஸியின் எண்ணைத் தேடுங்கள். 256 என்றிருந்தால் ஃப்ளூகல். பிரிட்டிஷ் ஆய்வாளர் மாண்ட்கோமரி வாட் போன்றோர் ‘மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை’ வசனத்தை 2.256/7 என்று எழுதுவது இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது கெய்ரோ. அதை ‘256 முதல் 257 வரை’ என்று படித்துவிடுகிறார்கள். குர்ஆன் அறிமுகமாக அவர் 1970-ல் வெளியிட்ட நூலில் மாற்று அட்டவணையே இருக்கிறது. அட்டவணை கிடைக்காவிட்டால் எண்ணை விடுங்கள், வசனத்தின் சொற்களைக் கொண்டு தேடுங்கள்.